எல்லா நாளும் நக்கெட்: சிங்கப்பூர்ச் சிறப்புப் பள்ளிக் கேண்டீனில் ஒரு நிகழ்வு ஆய்வு

தம்பியின் கழுத்தைப் பாட்டி ஆறு மாதமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதலில் சோப்பு, அப்புறம் பயத்தமாவு, அப்புறம் எலுமிச்சைத் தோல். பின்கழுத்தில் தடித்துக் கறுத்திருந்த தோலை அவர் அழுக்கு என்றே நினைத்திருந்தார். "எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது டீச்சர், பிள்ளை அழுவுறான்" என்று பெற்றோர் சந்திப்புக்கு வந்த அன்று என்னிடம் சொன்னார். அடுத்த வாரம் மருத்துவர் பார்த்ததுமே பெயரைச் சொல்லிவிட்டார்: அகந்தோசிஸ் நைக்ரிகன்ஸ். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளமாக, எடை கூடிய பிள்ளைகளின் கழுத்திலும் அக்குளிலும் அடிக்கடி வரும் கருமை அது. தேய்த்தால் போகாது.

நான் ஒரு சிறப்புக் கல்விப் பள்ளியில் வகுப்பாசிரியை. அந்த மாணவனை இங்கே தம்பி என்றே குறிப்பிடுகிறேன். பள்ளியிலும் அப்படித்தான் கூப்பிடுவோம். குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி எழுதுகிறேன். ஜனவரியில் தொடங்கி மூன்று பள்ளித் தவணைகள் நடந்த வேலை இது. பெரிய வெற்றிக் கதை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்ததும், சரியான இடம் எங்கள் கண்ணெதிரிலேயே இருந்ததும் மற்ற ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

தம்பியும் வீடும்

அவனுக்கு 13 வயது. ஆட்டிசம், கூடவே மிதமான அறிவுத்திறன் குறைபாடு. பேச்சு பத்திருபது சொற்கள்தான், அதுவும் தெரிந்தவர்களிடம் மட்டும். ஆனால் ஆங்கில எழுத்தும் எண்ணும் என்றால் அவனுக்கு உயிர். எந்தப் பேருந்து எங்கே போகும் என்று முழு வழியையும் எழுதிக் காட்டுவான். அம்மா ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார், அதனால் பிள்ளையை வளர்ப்பது பாட்டிதான். தன் கையைத் தானே கடித்துக்கொள்வது அதிகமானபோது இரண்டு வருடத்துக்கு முன் ரிஸ்பெரிடோன் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த மருந்து பசியைத் தூண்டி எடையைக் கூட்டும் என்பது தெரிந்த விஷயம். கடிப்பது குறைந்தது, எடை ஏறியது. அதை நிறுத்தச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை, அது மருத்துவர் முடிவு. ஆனால் எடை ஏறியதற்குத் தட்டு மட்டும் காரணமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழி முழுவதும் பாட்டி தலையில் விழும்.

தாத்தா இனிப்பு நீர் முற்றி, ஒரு காலை எடுத்த பிறகு இறந்தவர். இந்தக் கதை சிங்கப்பூர் இந்தியக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. 2010 தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் 18 முதல் 69 வயது வரையிலான இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களில் அது 9.7. வீட்டில் அந்தப் பயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைவிடப் பழைய பயம் ஒன்றும் இருந்தது. நான்கு வயதில் தம்பி பிஸ்கட்டையும் வெள்ளைச் சோற்றையும் தவிர எதையும் தொடாமல், எலும்பும் தோலுமாய் மருத்துவமனையில் கிடந்திருக்கிறான். "அன்னிக்கு அவன் ஒரு வாய் தின்னா போதும்னு முருகன்கிட்ட அழுதவ நான். இப்ப நிறுத்துன்னு சொன்னா எப்படி நிறுத்துவேன்?" என்று பாட்டி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு உணவுச் சிக்கல் வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட ஐந்து மடங்கு அதிகம் என்று 2013ல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. அந்த ஐந்து மடங்கை வீட்டில் தினமும் சுமப்பவர் பாட்டி போன்றவர்கள்தான்.

கேண்டீன்

சுகாதார மேம்பாட்டு வாரியம் பள்ளிகளில் ஆரோக்கிய உணவுத் திட்டத்தை 2011ல் தொடங்கியது. சோறு அல்லது மீ (நூடுல்ஸ்), இறைச்சி வகை, காய்கறி, பழம் என்று நான்கும் தட்டில் இருக்க வேண்டும், பொரித்ததையும் பதப்படுத்தியதையும் குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். எங்கள் கேண்டீன் அந்த முறையில்தான் நடந்தது. கோழி நக்கெட்டை எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் வாட்டித்தான் கொடுப்பார்கள். பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு இறைச்சியோ மீனோ பருப்போ என்று காட்டும் ஆரோக்கியத் தட்டுப் படம் சுவரில் பெரிதாக ஒட்டியிருந்தது.

தட்டில் வைப்பது வேறு, வாயில் போவது வேறு. ஜனவரியில் பத்துப் பள்ளி நாட்கள் எதையும் மாற்றாமல், தம்பி என்ன வாங்கினான், என்ன சாப்பிட்டான், எதைக் கொட்டினான் என்று மட்டும் நானும் துணையாசிரியையும் குறித்தோம். பத்து நாளும் சோறு, நக்கெட். பத்து நாளும் கீரையோ கேரட்டோ குப்பைத் தொட்டிக்குப் போனது. பப்பாளித் துண்டை ஒரு நாள் முகர்ந்து பார்த்தான், அவ்வளவுதான். கூடவே பையிலிருந்து பாட்டி வைத்த பெட்டிப் பானம், அதாவது கேண்டீனில் விற்காத, நல்ல இனிப்பான கிரிசாந்திமம் (செவ்வந்திப் பூ) டீ. விதி எல்லாம் சரியாக இருந்தது, பையன் சாப்பிட்டது மட்டும் மாறவே இல்லை.

முதலில் செய்த தவறுகள்

என் முதல் யோசனை பாடம் நடத்துவது. வகுப்பில் பிளாஸ்டிக் காய்கறிகளை வைத்து, பச்சைக் கூடையில் நல்லது, சிவப்புக் கூடையில் குறைவாகச் சாப்பிட வேண்டியது என்று பிரித்துப் போடச் சொன்னேன். தம்பி ஒரு தவறுமில்லாமல் பிரித்தான். பத்து நிமிடம் கழித்துக் கேண்டீனுக்குப் போய் நக்கெட் வாங்கினான். வகுப்பறையில் கற்றது வாசலைத் தாண்டினால் கூட வராது என்பது எங்கள் பிள்ளைகளோடு வேலை செய்யும் எல்லாருக்கும் முதல் வருடத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்தும் அதையே செய்தேன்.

அடுத்து ஸ்டிக்கர். பழத்தின் மேல் கார்ட்டூன் படம் ஒட்டினால் பிள்ளைகள் எடுப்பார்கள் என்று எங்கேயோ படித்தது மனதில் இருந்தது. ஒட்டினோம். தம்பி ஸ்டிக்கரை உரித்துச் சட்டையில் ஒட்டிக்கொண்டு ஆப்பிளைத் திருப்பிக் கொடுத்தான். அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் பார்த்தேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிரையன் வான்சிங்க் குழு 2012ல் வெளியிட்ட ஆய்வு அது. 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் செய்ததாகச் சொல்லியிருந்தார்கள். உண்மையில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் செய்தது என்று தெரிந்து 2017ல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. அவருடைய வேறு பல கட்டுரைகளும் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. பள்ளி உணவகங்களைப் பற்றி உலகம் முழுக்கச் சுற்றிவரும் சில யோசனைகளுக்கு இப்படிப்பட்ட அடித்தளம்தான் என்பதை அன்றுதான் அறிந்தேன். எங்கள் பிள்ளைகளிடம் எதையாவது முயலுமுன் இப்போதெல்லாம் அது யாரிடம் சோதிக்கப்பட்டது என்று கேட்டுவிடுகிறேன்.

மூன்றாவது தவறுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. செவ்வாயும் வியாழனும் அவனுக்கு நக்கெட் கொடுக்க வேண்டாம் என்று கடையில் சொல்லிவைத்தேன். முதல் செவ்வாய் அவன் இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தாளை நீட்டிக்கொண்டு நின்றான். நக்கெட் வரவில்லை, வேறு தட்டு வந்தது. அதைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான், முன்கையைக் கடித்தான். இரண்டு வருடமாகக் குறைந்திருந்த பழக்கம் அது. இடைவேளை முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லை. வியாழக்கிழமைக்குள் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டேன். எங்கள் மாணவர்களின் நாளில் எல்லாவற்றையும் நாங்களே முடிவு செய்கிறோம்: எப்போது உட்காருவது, எப்போது எழுவது, எந்தப் பென்சில், யார் பக்கத்தில். அவன் சொந்தமாக முடிவு செய்த ஒன்றே ஒன்று அந்தத் தட்டு. அதையும் ஆரோக்கியம் என்ற பெயரில் நான் பிடுங்கப் பார்த்தேன்.

வரிசையில் நின்று பார்த்தபோது

பேச்சுச் சிகிச்சையாளர்தான் சொன்னார்: தட்டைப் பார்த்தது போதும், தட்டுக்கு முன்னால் நடப்பதைப் பாருங்கள். அடுத்த வாரம் நானும் ஒரு மாணவியைப் போல வரிசையில் நின்றேன், அவனுக்கு இரண்டு பேர் பின்னால்.

முதலில் சத்தம். இரண்டு மின்விசிறிகள், உலோகத் தட்டுகள், நூறு பிள்ளைகள். தம்பி வாசலிலிருந்தே காதைப் பொத்திக்கொண்டு வந்தான். மூன்று கடைகளில் நக்கெட் கடைதான் வாசலுக்குப் பக்கத்தில். மீ கடையில் அங்கிள் நல்ல மனிதர், ஆனால் வரிசை நகர வேண்டுமே என்று படபடவென்று கேட்பார்: மீயா, பீ ஹூனா (அரிசி நூடுல்ஸ்)? சூப்பா, டிரையா? மிளகாய் வேணுமா? ஒரே மூச்சில் மூன்று கேள்வி. மூன்றாவது கடையில் பத்துப் பாத்திரம் வரிசையாக இருக்கும், எது என்று சொல்ல வேண்டும். கண்ணாடி ஆவி படிந்திருப்பதால் சுட்டிக் காட்டினாலும் தெரியாது. நக்கெட் கடை மக்சிக், அதாவது மலாய் ஆண்ட்டி, மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. தம்பியைப் பார்த்ததும் சிரித்தார், சோற்றைப் போட்டார், நக்கெட்டை வைத்தார், இரண்டு வெள்ளியை வாங்கிக்கொண்டார். ஒரு சொல் தேவைப்படவில்லை.

எனக்கு அங்கேயே நெஞ்சு அடைத்துப்போனது. நாங்கள் மாதக்கணக்கில் அவனுடைய நாக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவன் போனதோ தன்னிடம் கேள்வி கேட்காத மனிதரிடம். வகுப்பில் நாங்கள் பயன்படுத்துவது படஅட்டைப் பரிமாற்ற முறை. பெக்ஸ் என்று சொல்வோம். 1985ல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கியது. வேண்டியதன் படத்தை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் கொடுத்தால் அந்தப் பொருள் கிடைக்கும். பந்து, ஊஞ்சல், கழிப்பறை எல்லாவற்றுக்கும் தம்பியிடம் அட்டை இருந்தது. கேண்டீனில் விற்கும் ஒரு உணவுக்குக்கூட அட்டை இல்லை. அவனுடைய பேச்சை வகுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, அவன் ஏன் ஒன்றையே வாங்குகிறான் என்று குறித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் அந்த வாரம் பார்த்தேன். காலை எட்டு மணியிலிருந்து இடைவேளை வரை, ஒவ்வொரு வேலைக்கும் பரிசாகத் தம்பிக்குச் சின்னச் சின்ன சாக்லெட் உருண்டைகளும் உருளைக்கிழங்கு சிப்ஸும் கொடுத்துக்கொண்டிருந்தோம். எண்ணிப் பார்த்தேன்: ஒரே காலையில் 22 துண்டு. உணவைப் பரிசாக்கிக் கற்பிப்பது எங்கள் துறையில் நெடுநாள் பழக்கம். சில பிள்ளைகளிடம் தொடக்கத்தில் வேறு வழியே இருக்காது. ஆனால் 13 வயதுப் பையனிடம் அது எப்போதோ தேவையற்றுப் போயிருந்தது. பாட்டியின் கிரிசாந்திமம் டீயைப் பற்றிக் குறிப்பெழுதிய அதே கையால்தான் சிப்ஸையும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அன்றே நிறுத்தி, பேருந்து எண் அட்டைகளைப் பரிசாக்கினோம். 67, 139, 857. அவன் சிப்ஸைத் தேடவே இல்லை.

என்ன மாற்றினோம்

இரண்டாம் தவணையின் முதல் வாரத்தில் மூன்று கடைத் தட்டுகளையும் படம் எடுத்தோம். வலையில் கிடைக்கும் அழகான படங்கள் உதவாது. அந்தக் கடையின் அந்தத் தட்டு, அந்த நிறம், சோற்றுக்கு இடப்பக்கம் அந்தக் காய். படத்தில் ஒரு மாதிரியும் நேரில் வேறு மாதிரியும் இருந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு அது வேறு உணவு. படங்களை லேமினேட் செய்து வெல்குரோ ஒட்டி, ஒரு சிறிய பையில் போட்டுத் தம்பியின் இடுப்பில் கட்டினோம்.

வகுப்பை ஐந்து நிமிடம் முன்னதாகக் கேண்டீனுக்கு அனுப்ப முதல்வர் ஒப்புக்கொண்டார். சத்தம் தொடங்குவதற்குள் வாங்கிவிடலாம். இந்த ஐந்து நிமிடத்துக்குச் செலவு எதுவும் இல்லை. நாங்கள் செய்ததிலேயே பெரிய பலன் தந்தது இதுதான் என்று நினைக்கிறேன், ஆனால் தனியாகச் சோதிக்காததால் உறுதியாகச் சொல்ல முடியாது.

புறப்படுமுன் வகுப்பில் இரண்டு படம் காட்டுவோம், ஒன்றை எடுத்துக்கொள்வான். நக்கெட் எப்போதும் அந்த இரண்டில் ஒன்று. அதில் நான் பிடிவாதமாக இருந்தேன், செவ்வாய்க்கிழமை எனக்குக் கற்றுக்கொடுத்தது அது. நக்கெட்டை எடுத்தால் நக்கெட்தான் கிடைக்கும், முகம் சுளிக்கக் கூடாது என்று துணையாசிரியையிடமும் சொன்னேன். இன்னொரு படம் மட்டும் நாளுக்கு நாள் மாறும்.

மக்சிக்கிடம் பேசியது தனியாக எழுத வேண்டியது. அவர் செய்வது தவறு என்று சொல்லவே எனக்கு மனமில்லை. அந்தக் கேண்டீனில் தம்பியை அதிகம் புரிந்துகொண்டிருந்தவர் அவர்தான். ஒன்றே ஒன்று கேட்டேன்: தம்பி வந்து நிற்கும்போது மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், அட்டை வருகிறதா என்று பாருங்கள், பிறகு போடுங்கள். அவர் யோசித்துவிட்டு, "ஐந்து போதாது, பத்து எண்ணுகிறேன்" என்றார். கையை நீட்டி "நாக் அபா?" (என்ன வேணும்?) என்று மெதுவாகக் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பின்னால் நிற்கும் பிள்ளைகள் முணுமுணுத்தாலும் அவர் அசையவில்லை. நான்காவது நாள் தம்பி அட்டையை அவர் உள்ளங்கையில் வைத்தான். நக்கெட் அட்டைதான். மக்சிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மொறுமொறுப்பு

வெள்ளரிக்காய் மக்சிக்கின் யோசனை. "இவனுக்குக் கடிக்கும்போது சத்தம் வர வேண்டும், கவனித்தீர்களா?" என்று கேட்டார். நாங்கள் கவனிக்கவில்லை. சோற்றோடு கீரை, வேகவைத்த கேரட், பப்பாளி என்று நாங்கள் கொடுத்த எல்லாமே மெத்தென்றவை. நாசி லெமாக்குக்காக (தேங்காய்ப்பால் சோறு) நறுக்கி வைத்திருந்த வெள்ளரித் துண்டு ஒன்றை நக்கெட் பக்கத்தில், ஒட்டாமல், ஓரமாக வைத்தார். சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லை. ஆறு நாள் அது குப்பைக்குப் போனது. ஏழாவது நாள் நக்கினான். ஒன்பதாவது நாள் கடித்துவிட்டுச் சத்தத்தைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தான்.

அதற்குப் பிறகு மருத்துவமனை உணவியல் நிபுணரோடு சேர்ந்து ஒரு சங்கிலி போட்டோம்: ஏற்கெனவே பிடித்ததிலிருந்து ஒரே ஒரு குணத்தை மாற்றி அடுத்ததுக்குப் போவது. நக்கெட்டிலிருந்து ஓவனில் வாட்டிய மெல்லிய தெம்பே (புளிக்க வைத்த சோயாக் கட்டி): நிறம் கிட்டத்தட்ட அதே, மொறுமொறுப்பு அதே. வெள்ளரியிலிருந்து கொய்யா. இங்கே கிடைக்கும் பெரிய பச்சைக் கொய்யாவில் நல்ல சத்தம் வரும். வெள்ளரியிலிருந்து பச்சைக் கேரட் குச்சி. குழம்பு எதன் மேலும் படக்கூடாது என்பதால் அறை பிரித்த தட்டு. ஆரஞ்சு வரவே இல்லை, சாறு சோற்றில் இறங்கிவிடும் என்பது அவன் கவலை.

பழுப்பரிசி தோற்றுப்போனது. வெள்ளைச் சோற்றில் கொஞ்சம் கலந்து கொடுத்தோம். தம்பி இருபது நிமிடம் உட்கார்ந்து பழுப்புப் பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினான். மணி அடித்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. அதோடு விட்டுவிட்டோம். இன்னும் மெதுவாக முயன்றிருக்கலாம் என்று உணவியல் நிபுணர் சொல்கிறார், இருக்கலாம். ஒரு பிள்ளையிடம் எத்தனை சண்டை போடுவது என்பதற்கும் அளவு இருக்கிறது.

எழுத்துகள் செய்த வேலை

பானத்துக்கு வேறு கதை. பெட்டிப் பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் முறை 2022 டிசம்பர் 30 முதல் நடப்பில் இருக்கிறது. ஓராண்டு கழித்துக் கடைகளில் கலந்து கொடுக்கும் பானங்களுக்கும் வந்தது. சர்க்கரையும் நிறைகொழுப்பும் எவ்வளவு என்பதைப் பொறுத்து ஏ முதல் டி வரை. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை என்றால் டி. சி, டி பானங்களில் எழுத்தை அச்சிட்டே ஆக வேண்டும், ஏ, பி பானங்களுக்குக் கட்டாயமில்லை. எழுத்துப் பைத்தியமான பையனுக்கு அரசாங்கமே பானத்தின் மேல் எழுத்து ஒட்டிக் கொடுத்திருக்கிறது, விடுவேனா? ஏ, பி குடிக்கலாம், சி, டி கடையிலேயே இருக்கட்டும் என்று படக்கதை எழுதினேன். ஒரே வாரம். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள மாமா கடையில், அதாவது சின்ன மளிகைக் கடையில், பாட்டி கையிலிருந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அலமாரியிலேயே வைத்துவிட்டானாம். பாட்டி போன் செய்து சிரித்தார்.

அடுத்த வாரம் சிரிப்பு போனது. தம்பி தண்ணீர் குடிக்க மறுத்தான். தண்ணீரில் எழுத்து இல்லை. வெயில் கொளுத்தும் ஊரில் ஒரு நாள் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருந்தான். மறுநாள் காலை அவன் தண்ணீர்ப் போத்தலில் பெரிதாக ஏ என்று ஒட்டியதும் மடமடவென்று குடித்தான். அப்புறம் பால். வீட்டில் வாங்குவது முழுக்கொழுப்புப் பால். அதில் சர்க்கரை சேர்க்காவிட்டாலும் நிறைகொழுப்பால் சி என்று வரும். தம்பிக்கு எல்லா சியும் ஒரே சிதான். கொழுப்பு குறைத்த பால் பெட்டியில் பி இருந்ததால் அது தப்பித்தது. தீபாவளிக்கு மாமா வீட்டில் விருந்தினர் கையிலிருந்த டின்னைப் பிடுங்கி வைத்துவிட்டு வந்தானாம். அதற்காக இன்னொரு படக்கதை எழுத வேண்டியிருந்தது: என் பானத்துக்கு நான் எழுத்துப் பார்ப்பேன், மற்றவர் பானம் அவரவருக்கு. ஒரு விதியைக் கொடுத்துவிட்டால் எங்கள் பிள்ளைகள் அதை நம்மைவிட நேர்மையாகப் பின்பற்றுவார்கள். அதனால் விதியை எழுதும்போதே அது எங்கெல்லாம் போய் முட்டும் என்று யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

பாட்டியின் வெண்டைக்காய்

கேண்டீன் கதையைக் கேட்ட பாட்டி, "சத்தம்தானே வேணும்? நம்ம வெண்டைக்காய் இல்லையா?" என்றார். தேக்கா சந்தையில் பிஞ்சாகப் பொறுக்கி வாங்கி, மெல்லிசாக நறுக்கி, கொஞ்சம் எண்ணெயில் நீண்ட நேரம் வதக்கி மொறுமொறுவென்று எடுத்திருக்கிறார். தம்பி ஒரு கிண்ணம் தின்றான். பாட்டி அன்று என்னிடம் பேசிய குரல் முதல் நாள் கேட்ட குரலே இல்லை. பிள்ளையைப் பட்டினி போடச் சொல்லவில்லை, சமைக்கத்தான் சொல்கிறார்கள் என்பது அவருக்கு அன்றுதான் உறுதியானது. கிரிசாந்திமம் டீ முழுதாக நிற்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலேயே பூவைக் கொதிக்க வைத்து, சர்க்கரை துளி போட்டு ஆற்றிக் கொடுக்கிறார். கழுத்தைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை

மூன்றாம் தவணையின் கடைசிப் பத்து நாட்களை மறுபடி குறித்தோம். நான்கு நாள் நக்கெட், நான்கு நாள் தெம்பே, இரண்டு நாள் மீ கடை. மீ கடைக்குப் போவது நாங்கள் எதிர்பார்க்காதது. அட்டையில் பீ ஹூன், சூப், மிளகாய் இல்லை என்று மூன்று படத்தையும் ஒரே பட்டையில் ஒட்டியிருந்ததால் அங்கிளின் மூன்று கேள்விக்கும் பதில் ஒரே கையில் இருந்தது. எட்டு நாள் வெள்ளரியோ கேரட்டோ கொய்யாவோ ஏதாவது ஒன்றைச் சாப்பிட்டான். கீரை இன்றுவரை இல்லை.

எடை குறையவில்லை. ஏறும் வேகம் தணிந்தது, ஆனால் அதே சமயம் மருந்தின் அளவையும் மருத்துவர் மாற்றினார், பையன் உயரமும் வளர்ந்தான். எது எதனால் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஒரே நேரத்தில் நிறைய மாற்றினோம். ஒவ்வொன்றாக மாற்றியிருந்தால் ஆய்வுக்கு நல்லது, பிள்ளைக்குத் தாமதம்.

அட்டை எல்லாருக்கும் ஆகாது. அதே வகுப்பில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு மாணவிக்கும் கொடுத்தோம். அவளுக்கு நன்றாகப் பேச வரும், அட்டையை விசிறியாகத்தான் பயன்படுத்தினாள். அவள் தன் தோழி வாங்குவதையே வாங்குவாள். தோழி பழம் எடுத்தால் இவளும் எடுப்பாள். அவளுக்கு வேண்டியது தோழியோடு ஒரே மேசை. அதோடு டவுன் சிண்ட்ரோமில் தைராய்டு குறைபாடு அடிக்கடி வருவதால், சாப்பாட்டைப் பற்றிப் பேசுமுன் இரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று வீட்டில் கேட்கச் சொல்லி உணவியல் நிபுணர் நினைவூட்டினார்.

மிதமானது முதல் கடுமையானது வரை சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்வி என்று 2019ல் சட்டம் விரிந்தது. அதற்கு முன்பே அன்றாட வாழ்க்கைத் திறன் எங்கள் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. ஆனால் பணம் எண்ணுவது, வரிசையில் நிற்பது, தட்டைத் திருப்பி வைப்பது வரைதான் தம்பியின் தனிநபர் கல்வித் திட்டத்தில் எழுதியிருந்தோம். எது வேண்டும் என்று முடிவு செய்து, அதை இன்னொருவருக்குப் புரிய வைப்பது அதில் இல்லவே இல்லை. இந்த வருடம் அதைத்தான் முதல் இலக்காக எழுதியிருக்கிறேன். 18 வயதில் அவன் பள்ளியை விட்டுப் போகும்போது எதிரே இருப்பது உணவங்காடி. அங்கே ஐந்து நிமிடம் முன்னதாக யாரும் கதவைத் திறந்துவிட மாட்டார்கள்.

மக்சிக் டிசம்பரோடு ஓய்வு பெற்றுவிட்டார். கடையைப் புதியவர் எடுத்திருக்கிறார். தெம்பே இருக்கிறது, ஆனால் வேறு வடிவத்தில் நறுக்குகிறார், தட்டும் நீல நிறம். எங்கள் அட்டைகள் எல்லாம் ஒரே நாளில் பழையதாகிவிட்டன. முதல் இரண்டு நாள் தம்பி பழைய அட்டையை நீட்டி, வந்த தட்டைப் பார்த்து, அட்டையைப் பார்த்து, குழம்பிப்போய் நின்றான். புதியவரிடம் பத்து எண்ணுவதைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், மக்சிக்கும் ஒரு நாள் வந்து சொல்லிக்கொடுக்கிறேன் என்றார். புதன்கிழமை இடைவேளைக்கு முன் புதிய தட்டுகளைப் படம் எடுக்கப் போகிறோம். இந்த முறை கேமரா தம்பி கையில்.